ஐயாவு கிணற்றுத் தண்ணீர்

அன்று நாகநாதன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலில் பெயர்களைச் சொல்லிவிடுவதுதான் முறை. பிற்பாடு அறுபது பேர் அங்கே நின்று கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்தக் கூடத்தில் அறுபது பேர் நிற்க இடமும் கிடையாது. நிற்க விடுகிற ஆளும் இல்லை நாகநாதன்.

வீட்டுக்காரன் நாகநாதன் ஒருவன். மேலவாய்க்கரைக்கும் கடலுக்கும் நடுவில் எண்பது ஏக்கர் நஞ்சையை வெட்டி இறால் குட்டையாக்கியவன். எந்தக் கட்சி கோட்டைக்குப் போனாலும் அந்தக் கட்சித் துண்டு அவன் தோளில் கிடக்கும். அடுத்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முருகையன். குட்டைகளால் கிணறும் வயலும் உப்பாகிறதா என்று விசாரித்து எழுத வந்தவர், விசாரிக்கப்பட வேண்டியவன் வீட்டு சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சவரியம்மாள், நாற்பது குடும்பத்து மனுவைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் மேலவாய்க்கரைக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தவள்; இன்ஸ்பெக்டர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரைப் பிடிக்க வந்திருந்தாள். நான்காவது ஹாஜா மைதீன். மண்டபம் பக்கத்திலிருந்து கடல் மீன் கொண்டுவந்து வசதியானவர்கள் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கொடுப்பவர். ஐந்தாவது அம்சவல்லி, மீன்வளம் படித்து அரசாங்க வேலையில் இருக்கும் பெண். ஆறாவது அவள் அப்பா ஐயாவு.

ஐயாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. நாற்றுக்கட்டு சுமந்த முதுகு. ஆனால் ஓர் இம்மி வளைந்ததில்லை. அந்த வீட்டு வாசற்படியை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மிதித்தது அன்றைக்குத்தான். மிதித்தபோதே அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. கோபம் காலையிலேயே தொடங்கிவிட்டது.

காலையில் ஹாஜா மைதீன் டி.வி.எஸ். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, "தங்கச்சி லீவுல வந்திருக்காமே? நாகநாதன் முதலாளி வீட்டுத் தொட்டியில மீனெல்லாம் சாகக் கிடக்குது. ஒரு எட்டு வந்து பார்த்தா புண்ணியமாப் போகும்" என்றார்.

"எவன் வீட்டு மீனு?" என்றார் ஐயாவு, கேட்டது காதில் விழாதவர்போல.

"முதலாளி வீட்டு..."

"எனக்கு அவன் முதலாளி இல்ல."

ஹாஜா மைதீன் தலையைச் சொறிந்தார். "எனக்கு முதலாளிதான் அண்ணே. வெள்ளிக்கிழமை ஐஸ் பேக்டரி தொறக்க மந்திரி வராரு. மந்திரி வந்து பாக்கறப்ப மீனு மல்லாந்து கெடந்தா என்னையும் சேர்த்துத் தொட்டியிலேயே போட்டு மூடிடுவாரு."

அம்சவல்லி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஐயாவு எழுந்து நின்றார்.

"பாப்பா, அந்த வீட்டுக்குப் போகப் போறியா? நம்ம வயலைச் சுடுகாடாக்கினவன் வீட்டு மீனுக்கு வைத்தியம் பாக்கவா உன்னைத் தூத்துக்குடி வரைக்கும் அனுப்பிப் படிக்க வெச்சேன்?"

"மீன் என்னப்பா பண்ணுச்சு?" என்றாள் அவள்.

 அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் இரண்டு மடங்கானது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "தனியாப் போக வேணாம். நானும் வரேன்" என்றார். கொல்லைப் பக்கம் நின்ற ராமாயி புருஷன் முகத்தைப் பார்த்தாள். நாலு மாதமாக அவள் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று அந்தக் கொல்லையில்தான் கிடந்தது. அது கிணறு.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் ஐயாவுவைப் பற்றிப் பேச முடியாது. நாகநாதனின் தாத்தா காலத்தில் கீழத்தெருக்காரர்களின் குடம் அவர்கள் குளத்தில் படக்கூடாது. ஐயாவுவின் அம்மா குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, யாராவது மொண்டு ஊற்றுவார்களா என்று வெயிலில் நிற்பாள். சில நாள் ஊற்றுவார்கள். சில நாள் மத்தியானம் வரை நிற்க வைத்துவிட்டு, இன்றைக்கு மனசில்லை என்று அனுப்பிவிடுவார்கள். பத்து வயது ஐயாவு அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பிறகு சட்டம் வந்தது, கொடி வந்தது, அடிதடி வந்தது. நில உச்சவரம்பில் அதே தாத்தாவின் நிலத்திலிருந்து உபரியாக எடுத்ததில் மூன்று ஏக்கருக்கு ஐயாவு பேரில் பட்டா வந்தது. பட்டா கைக்கு வந்த அன்றே கடப்பாரையை எடுத்தார். தம்பியும் அவரும் இருபத்தோரு நாள் தோண்டினார்கள். ஊற்று இனிப்பாகப் பீறிட்டது. சுவரில் ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதினார்: ஐயாவு, 1972. கையெழுத்துப் போட அப்போதுதான் கற்றிருந்தார். அவர் முதல் கையெழுத்து பத்திரத்தில் இல்லை, கிணற்றில் இருக்கிறது.

எண்பது ஏக்கர் குட்டையில் கடல் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினான் நாகநாதன். முதல் வருஷம் வரப்போரத்து நாற்று கருகியது. இரண்டாம் வருஷம் வயலில் வெள்ளை பூத்தது. மூன்றாம் வருஷம் ஊரில் கிணறு கிணறாகக் கெட்டது. ஐயாவு கிணறு குட்டைக் கரையிலிருந்து நூறு கஜம்கூட இல்லை. அது தப்புமா? போன கார்த்திகையில் ராமாயி ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

தை மாதம் முருகையன் விசாரணைக்கு வந்தார். ஊரே களத்தில் கூடி நின்றது. ஒவ்வொருத்தராகத் தங்கள் கிணறு உப்பு என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்கள். ஐயாவு முறை வந்தபோது பக்கத்தில் நின்ற நாகநாதன் பல்லைக் காட்டினான்.

"என்ன ஐயாவு, உன் கிணறும் போச்சாமே? அதுக்கு ஏன் மனு கினுன்னுக்கிட்டு? எனக்கு நீடாமங்கலத்துலேருந்து லாரித் தண்ணி வருது. வேணும்னா தெனம் ரெண்டு குடம் வந்து வாங்கிட்டுப் போ. ஊத்தச் சொல்றேன்."

வயதில் இருபது வருஷம் சின்னவன். 'நீ' என்றான், 'வந்து வாங்கிட்டுப் போ' என்றான், 'ஊத்தச் சொல்றேன்' என்றான். கரையில் குடத்தை வைத்துவிட்டு நின்ற அம்மாவின் கால்கள் ஐயாவுவின் கண்ணுக்குள் வந்து நின்றன.

"என் கிணத்துத் தண்ணி இனிப்பு" என்றார் ஐயாவு, ஊரே கேட்க. "உன் வீட்டு வாசல்ல குடத்தோட நிக்கிற காலம் எங்க அம்மாவோட போச்சு."

ஊர் ஆரவாரித்தது. முருகையன் எழுதிக்கொண்டார். குட்டைக்கு மிக அருகிலுள்ள ஐயாவு கிணற்றில் நீர் மாற்றம் எதுவும் இல்லை என்று உரியவரே வாக்குமூலம். கிணற்றை வந்து பார்க்கவும் இல்லை, ஒரு கை அள்ளிக் குடிக்கவும் இல்லை. அந்த ஒரு வரி நாற்பது கையெழுத்தையும் சாப்பிட்டுவிட்டது. பக்கத்துக் கிணறே நன்றாக இருக்கும்போது தூரத்துக் கிணறு குட்டையால் எப்படிக் கெடும் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். சவரியம்மாள் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்து ஐயாவு வாசலில் நின்றபோது அவர் வெளியே வரவில்லை.

சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது? பனம்பலகை போட்டுக் கிணற்றை மூடினார், பூட்டினார். பிள்ளைகள் விழுந்துவிடும் என்று காரணம் சொன்னார். விடிவதற்கு முன்பே ராமாயி பஞ்சாயத்துக் குழாயில் நாலு குடம் பிடித்து வந்துவிடுவாள். நாகப்பட்டினத்து விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் மகளுக்கும் சொல்லக்கூடாது என்று கட்டளை.

இந்தக் கணக்கில்தான் அவர் அன்று அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அட, ஐயாவு அண்ணே! உக்காருங்க, உக்காருங்க" என்றான் நாகநாதன். மீன் பிழைக்க வேண்டிய காரியம் இருந்ததால் 'அண்ணே' வந்துவிட்டது, 'ங்க'வும் வந்துவிட்டது. ஐயாவு நாற்காலியின் நுனியில், முதுகு சாய்வில் படாமல் உட்கார்ந்தார்.

எட்டடி நீளத் தொட்டி. உள்ளே ஆறு மீன்கள். பெரியது ஒரு ஏஞ்சல். கருநீல உடம்பில் மஞ்சள் வரி வரியாக ஓடும், சாப்பாட்டுத் தட்டு அகலம். அது மூலையில் வாயைப் பிளந்துகொண்டு நின்று மூச்சு வாங்கியது. திடீரென்று பாய்ந்து பாறையில் விலாவை உரசிக்கொண்டது. கண்ணில் பால் படர்ந்ததுபோல் ஒரு மங்கல்.

அம்சவல்லி தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தாள்.  கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தாள்.

"என்ன மருந்து போட்டீங்க அண்ணே?"

"மயில்துத்தம் கரைச்சு ஊத்தினேன் தங்கச்சி" என்றார் ஹாஜா மைதீன். "வெள்ளைப்புள்ளி நோயின்னு நெனச்சேன்."

"எவ்வளவு?"

"ஒரு... கண்ணளவு."

"அதான் அந்தக் கடல்பூ கரைஞ்சு போய்க் கெடக்கு" என்று தொட்டியின் மூலையில் சளிபோல் கிடந்த ஒன்றைக் காட்டினாள். "வெள்ளைப்புள்ளின்னா ரவை தூவின மாதிரி இருக்கும். தங்கத்தூள் மாதிரி மினுங்கினா அது வேற நோய். டார்ச்சுல அதுவும் இல்ல. இது தோல்லயும் கண்ணுலயும் ஒட்டிக்கிட்டு இருக்கிற தட்டைப்புழு. கண்ணாடி மாதிரி இருக்கும், ஒடம்பு மேல இருந்தாலும் தெரியாது. இதுக்கு மயில்துத்தம் ஒண்ணும் செய்யாது."

"கண்ணுக்கே தெரியாத புழுவை நீ எப்படிம்மா கண்டே?" நாகநாதன் சிரித்தான். முருகையனும் சேர்ந்து சிரித்தார். அவன் டீயைக் குடித்த வாய்.

"காட்டறேன். நல்ல தண்ணியில அஞ்சு நிமிஷம் மீனை விடணும். கடல் மீன் அஞ்சு நிமிஷம் தாங்கும். புழு தாங்காது. உப்பில்லாத தண்ணி பட்டா அது உடம்பு ஊதிப்போயி, வெள்ளையா மாறி, பொலபொலன்னு உதிரும். நோய் இதுதானான்னும் தெரிஞ்சிடும், பாதி வைத்தியமும் ஆயிடும். குழாய்த் தண்ணி வேணாம், அதுல பிளீச்சிங் பவுடர் இருக்கும்."

நாகநாதன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. முருகையனைப் பார்த்தான், சவரியம்மாளைப் பார்த்தான், கடைசியில் ஐயாவுவைப் பார்த்தான்.

"குழாய்த் தண்ணி எதுக்கு? ஊர்லயே இனிப்பான தண்ணி நம்ம அண்ணன் கிணத்துலதானே இருக்கு! எழுதிக் கையெழுத்தே போட்டிருக்காரு. அங்கேருந்தே ஒரு கேன் எடுத்துட்டு வரட்டும். ஆர்.ஐ. சாரும் பார்த்த மாதிரி இருக்கும். என்ன சார்?"

"நல்ல யோசனை" என்றார் முருகையன்.

"இனிப்புத் தண்ணியாம்" என்று சவரியம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஊருக்கு ஒரு சொட்டு கிடையாது. மீனுக்குக் கேன் கேனா. குடுத்து வெச்ச மீனு."

ஐயாவு எழுந்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஹாஜா மைதீனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் காலிக் கேனை அணைத்துக்கொண்டு போனார். பூட்டைத் திறந்தார், பலகையை நகர்த்தினார். தண்ணீர் பளிங்குபோல் நின்றது. கெட்ட தண்ணீர் கலங்கியாவது இருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தார். கடல் தண்ணீர் அளவுக்கு இது உப்பு இல்லையே, இதுவே அந்தப் புழுவுக்குப் போதாதா என்றும் ஓர் ஓரத்தில் தோன்றியது. கயிற்றை இறக்கி மொண்டு கேனை நிரப்பினார். ராமாயி வாசற்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க" என்றாள் மெதுவாக.

"உள்ள போ."

கூடத்தில் பெரிய பிளாஸ்டிக் டப்பைப் போட்டு அதில் கேனைக் கவிழ்த்தார்கள். அம்சவல்லி தொட்டியின் சூட்டுக்குத் தண்ணீரின் சூட்டைச் சரிபார்த்தாள். காற்றுக் குழாயைப் போட்டாள். தண்ணீரில் காரத்தன்மை குறைவாக இருந்தால் மீனுக்கு ஆகாது என்று, பையிலிருந்து ஆப்பசோடாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். பிறகு அவள் கை மறுபடியும் பைக்குள் போனது. உப்பளவு பார்க்கிற சின்னக் குழல் ஒன்று அதில் உண்டு. இறால் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். தண்ணீரை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். எங்கே போனாலும் அவள் முதலில் செய்வது அதுதான்.

கை வெளியே வெறுமையாக வந்தது.

ஐயாவு அதைப் பார்த்தார். அப்பா ஊரறியச் சொன்ன சொல்லை, அவன் வீட்டில், அவன் கண்ணெதிரில் அளந்து பார்ப்பதா என்று அந்தப் பெண் நினைத்துவிட்டது. அவருக்கு அது புரிந்தது. 

ஏஞ்சல் மீனை வலையில் ஏந்தி டப்பில் விட்டாள். ஹாஜா மைதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

ஒரு நிமிஷம். மீன் ஓரமாக ஒதுங்கியது. இரண்டு நிமிஷம். மூன்று. அம்சவல்லியின் நெற்றியில் சுருக்கம் விழுந்தது. நான்கு. டப்பின் அடி சுத்தமாக இருந்தது. ஐந்து நிமிஷம் ஆனதும் மீனை எடுத்துத் தனியாக வைத்திருந்த கடல் தண்ணீரில் விட்டாள். டப்புத் தண்ணீரில் ஒரு தூசி இல்லை.

"எங்கம்மா புழு?" என்றான் நாகநாதன். "ஊதிச்சா? வெடிச்சுதா?"

அம்சவல்லி டப்பின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஹாஜா, பாத்தியா? உன் வெள்ளைப்புள்ளியே தேவலாம். இது இல்லாத புழு." முருகையன் பக்கம் திரும்பினான். "கோட்டாவுல சீட்டு, கோட்டாவுல வேலை. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத புழுவைத்தான் கண்டுபிடிக்க முடியும். வயல்ல உப்பு வருதுன்னு இதுங்க எழுதிக் குடுக்கிறதும் இதே மாதிரிதான் சார். இல்லாத உப்பு."

அம்சவல்லியின் காது மடல் சிவந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்தபோது அழாத பெண். அப்போதும் அழவில்லை. "நோய் அதுதான். எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அவள் பார்வை அப்பா பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவள் பாடுபடுவது ஐயாவுக்குத் தெரிந்தது. தண்ணீரின் மேல் சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் படிப்பு பிழைக்கும். அவள் சொல்ல மாட்டாள். அப்பாவைக் காப்பாற்ற, படிக்காதவள் என்ற பெயரை அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவாள்.

ஐயாவு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வாயை மூடுடா!"

அந்தக் கூடத்தில் அந்த வீட்டுக்காரனைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. நாகநாதன் வாய் மூடவில்லை, ஆனால் சத்தமும் வரவில்லை.

"எம் பொண்ணு சொன்ன நோய் சரி. அவ சொன்ன வைத்தியமும் சரி. தண்ணிதான் தப்பு. அது நல்ல தண்ணி இல்ல. என் கிணறு உப்பு. கார்த்திகையிலேருந்து உப்பு."



"அண்ணே..." என்றாள் சவரியம்மாள்.

"நான் பொய் சொன்னேன். களத்துல, ஊர் முன்னால சொன்னது பொய். இவன் ரெண்டு குடம் ஊத்தறேன்னு சொன்னான். தாங்க முடியல. என் வீராப்புக்கு நாப்பது குடும்பத்தை அடகு வெச்சேன்." மகள் பக்கம் திரும்பினார். "நீ ஏன் பாப்பா அளக்கல? பையில வெச்சிருக்கியே, எடு. அளந்து சொல்லு. இவன் முன்னாலயே சொல்லு."

அம்சவல்லி குழலை எடுத்தாள். டப்பிலிருந்து ஒரு சொட்டு வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதற்கு அவள் எவ்வளவு செலவழித்தாள் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும்.

"ஆயிரத்துக்கு ஒன்பது. கடல்ல முப்பத்து மூணு இருக்கும். கால் பங்குக்கு மேல கடல்." முருகையனிடம் நீட்டினாள். "சார், நீங்களும் பாத்துடுங்க."

முருகையன் குழலை வாங்கக் கை நீட்டவில்லை. நாகநாதன் முகத்தைப் பார்த்தார்.

"அவரை என்ன சார் பாக்கறீங்க? கண்ணு உங்களுது" என்றாள் சவரியம்மாள். "கருவி புரியலேன்னா நாக்கு இருக்குல்ல?" டப்பில் கையை விட்டு அள்ளி அவர் முகத்தெதிரே நீட்டினாள். "குடிங்க. தை மாசம் குடிச்சிருக்க வேண்டியது."

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இப்ப நல்ல தண்ணி வேணும்" என்றாள் அம்சவல்லி. "இந்த வீட்டுச் சமையல்கட்டுல நீடாமங்கலத்து லாரித் தண்ணி இருக்குமே. ஊர்க் கிணத்துல உப்பே இல்லேன்னு சொல்றீங்க, இருந்தாலும் நீங்க குடிக்கிறது லாரித் தண்ணியைத்தானே? ஹாஜா அண்ணே, ஒரு கேன் கொண்டாங்க."

ஹாஜா மைதீன் முதலாளியைப் பார்த்தார். பிறகு மூலையில் மூச்சு வாங்கிய மீன்களைப் பார்த்தார். "மந்திரி வராரே முதலாளி" என்று முனகிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனார்.

டப்பைக் கழுவி, லாரித் தண்ணீரை ஊற்றி, இந்தத் தடவை அம்சவல்லி முதலில் உப்பை அளந்தாள். பூஜ்யம். சூடு பார்த்தாள், அதே ஒரு சிட்டிகை ஆப்பசோடா, அதே காற்றுக்குழாய். ஏஞ்சல் களைத்திருந்ததால் அதை விட்டுவிட்டு, வயிறு வெளிறிய இன்னொரு மீனை முதலில் விட்டாள். மீன் ஒரு தரம் சிலிர்த்தது. ஒரு நிமிஷம் கழித்து அதன் விலாவில், ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணின் மேல் ஒன்று. தோலுக்குள்ளிருந்து முளைத்ததுபோல் பத்து, இருபது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று எள் விதைபோல் டப்பின் அடியில் விழுந்தன. ஐந்து நிமிஷத்தில் அடி முழுக்க வெள்ளை.

"யா அல்லாஹ்!" என்றார் ஹாஜா மைதீன். "இத்தனையும் மேல இருந்துச்சா?"

"இருந்துச்சு. தெரியாம இருந்துச்சு" என்றாள் அம்சவல்லி. ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து ஏஞ்சலையும், பிறகு மற்றவற்றையும் முக்கினாள். புழுவின் முட்டை பாறையிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும், மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, உப்பைப் பாதிக்கும் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாரம் ஒரு தரம் இதே மாதிரி முக்க வேண்டும், பழைய தொட்டியைக் காலி செய்து காய வைக்க வேண்டும், மயில்துத்தத்தைக் கையால் தொடக்கூடாது என்று ஹாஜா மைதீனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நாகநாதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐயாவு அந்த ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தார். விழுந்த நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. முருகையன் விசாரணை ஃபைலை மூடப் போனபோது ஐயாவு மேசையின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எழுதுங்க."

"இது விசாரணை இல்லீங்களே பெரியவரே. முறைப்படி ஒரு தேதி போட்டு..."

"தை மாசம் நான் சொன்ன பொய்யை எந்தத் தேதி போட்டு எழுதினீங்களோ அதே மாதிரி உண்மையையும் எழுதுங்க. கையில பேனா இருக்கு, சாட்சி இருக்கு, டப்புல தண்ணி இருக்கு. நான் பொய் சொன்னேன்னும் எழுதுங்க. அதை விட்டுட்டு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்."

"பொய்ங்கிறது வேணாம்ணே" என்றாள் சவரியம்மாள். "தெரியாம சொன்னேன்னு இருக்கட்டும். உங்க பேரு..."

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

முருகையன் எழுதினார். நாகநாதன் உள்ளே போய்ப் போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். ஐயாவு கையெழுத்துப் போட்டார், கிணற்றுச் சுவரில் போட்ட அதே எழுத்து. சவரியம்மாளும் ஹாஜா மைதீனும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்; ஹாஜா மைதீனுக்கு அந்த வீட்டு வேலை அன்றோடு போனது.

அப்பாவும் மகளும் நடந்தே திரும்பினார்கள். குட்டைக் கரையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அம்சவல்லி நின்றாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ப்பா." அவளுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "நாலு மாசம்! அம்மா இருட்டோட குழாய்க்குப் போயிருக்காங்க. அவங்க முட்டி எப்படி இருக்குன்னு தெரியும்ல உங்களுக்கு? இதையா மானம்ங்கிறீங்க?"

யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் முதுகு நேராகவே இருந்தது. "இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றி வாய்க்காலில் எறிந்தார். பலகைகளை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். மறுநாள் காலை, நன்றாக வெயில் ஏறிய பிறகு, இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தெரு நடுவே நடந்து பஞ்சாயத்துக் குழாயில் ஊர்ப் பெண்களோடு வரிசையில் நின்றார். ஐயாவு தண்ணீருக்கு நிற்கிறார் என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றார். இரண்டு பேர் குடத்தை வாங்கிப் பிடித்துத் தரப் பார்த்தார்கள். தரவில்லை. மனு மறுபடி மேலே போனது. குட்டையை மூட உத்தரவு வரவும், வந்த உத்தரவு அமலுக்கு வரவும் ஆன வருஷங்கள் வேறு கதை. கிணறு இன்றுவரை குடிக்க லாயக்கில்லை.

இதன் பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஐயாவு கிணறு இனிப்பாகத்தான் இருந்தது, அம்சவல்லி ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டு அதை உப்பாக்கிக் காட்டினாள், மகளுக்காக அப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று. கிளப்பிவிட்டது நாகநாதன் ஆட்கள். ஆனால் ஐயாவுவின் சொந்தக்காரர்களிலேயே சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் ஐயாவு பொய் சொல்லாதவர் ஆகிறார் அல்லவா? கல்யாண வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள்.

அது தவறு. அவள் போட்டது ஆப்பசோடா, ஒரு சிட்டிகை. லாரித் தண்ணீரிலும் அதே சிட்டிகையைத்தான் போட்டாள். கிணறு ஏற்கெனவே உப்பு. ஐயாவு பொய்தான் சொல்லியிருந்தார்.